மாட்டுங்கா கடைக்கு பல்க் எஸ்எம்எஸ் பலன் தருமா?

மும்பை மாட்டுங்காவில் மாமனார் தொடங்கிய அப்பளம், வடகம், ஊறுகாய், காப்பித்தூள் கடையை இப்போது நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். பழைய பில் புத்தகங்களைப் புரட்டி எடுத்த நாலாயிரம் செல்போன் எண்கள் கையில் இருக்கின்றன. இந்த நேரத்தில் ஒருவர் வந்து, "மும்பைத் தமிழர்களின் எண்கள் ஒரு லட்சம் தருகிறேன், நானே எஸ்எம்எஸ் அனுப்பியும் விடுகிறேன், டிஎன்டி தொல்லையே கிடையாது" என்கிறார். (விளம்பரம் வேண்டாம் என்று பதிவு செய்தவர்களின் பட்டியல்தான் டிஎன்டி.) வாட்ஸ்அப் வந்த பிறகு எஸ்எம்எஸ்ஸை யார் படிக்கிறார்கள், இதில் பணம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நெருலுக்கும் குடிபோய்விட்ட பழைய வாடிக்கையாளர்களை ஃபோன் வழியாகத் திரும்ப வரவழைக்க முடியுமா? முடியும். ஆனால் அந்த ஒரு லட்சம் எண்களால் நடக்காது. உங்கள் நாலாயிரத்திலும் பெரும்பகுதியை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கும்.

மும்பையில் பல்க் எஸ்எம்எஸ் நிறுவனங்களில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சிறு கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இதே வேலையைச் செய்து தருகிறேன். 2011-க்கு முன்பு இந்த ஊரில் எஸ்எம்எஸ் விளம்பரத்துக்கு நடைமுறையில் பெரிய கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஒரு செய்தி சில பைசாதான். கல்யாணில் ஃபிளாட், கர்ஜத்தில் மனை, உடனடி லோன் என்று ராத்திரி வரை ஃபோன் கத்திக்கொண்டே இருக்கும். 2011 செப்டம்பர் 27 முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் அமலுக்கு வந்தன. 2018-ல் அவற்றை முழுதாக மாற்றி எழுதினார்கள். 2025 பிப்ரவரியில் இன்னும் இறுக்கினார்கள். ஆனால் அந்த ஆரம்ப வருஷங்களில் ஜனங்களுக்கு ஏற்பட்ட எரிச்சல் இன்றும் போகவில்லை. ஓடிபி பார்க்க மட்டும் எஸ்எம்எஸ் பெட்டியைத் திறக்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். நியாயமாக நடந்துகொள்ளும் ஒரு சின்னக் கடையும் இன்று அந்த எரிச்சலைத் தாண்டித்தான் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

முதலில் உங்களிடம் வந்தவரைப் பற்றி. 'டிஎன்டி தொல்லை இல்லை' என்று அவர் சொன்னதே போதும், அவரை அனுப்பிவிட. முறையான வழியில் போகும் எந்த விளம்பரச் செய்தியும், டெலிகாம் நிறுவனத்திடம் டிஎன்டி பட்டியலோடு ஒப்பிட்டுச் சலித்த பிறகுதான் வெளியே போகும். உணவுப் பொருள், வங்கி, வீடு-மனை என்று வகை வகையாகத் தடுத்து வைத்திருப்பவர்களும் உண்டு. அதையும் பார்த்துத்தான் விடுவார்கள். இந்தச் சல்லடையை நீக்கித் தர எந்த இடைத்தரகருக்கும் அதிகாரம் இல்லை. சலிக்காமல் செய்தி போகிறது என்றால், சாதாரண சிம் கார்டுகளை வரிசையாக மாட்டிய ஒரு பெட்டியிலிருந்து போகிறது என்றுதான் அர்த்தம். யாரோ ஒருவருடைய பத்து இலக்க எண்ணிலிருந்து செய்தி வரும். அடியில் உங்கள் கடையின் பெயர் இருக்கும். எரிச்சலடைந்தவர், இதற்கென்றே உள்ள 1909 என்ற எண்ணுக்குப் புகார் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். செய்தி வந்து ஏழு நாள் வரைக்கும் கொடுக்கலாம். இப்போதைய விதிப்படி, விளம்பரம் அனுப்புகிறவராகப் பதிவு செய்யாத ஒருவர் மீது பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை தொடங்கும். முதல் தடவை, வெளியே போகும் சேவை 15 நாள் முடக்கம். மறுபடி நடந்தால் அவர் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் ஒரு வருஷத்துக்குத் துண்டிப்பு. யாரையும் நம்பாமல் நீங்களே உங்கள் சிம்மிலிருந்து ஊருக்கெல்லாம் விளம்பரம் அனுப்பினாலும் இதே விதிதான். வடகம் இருக்கிறதா, பொடி அரைத்தாயிற்றா என்று நாள் முழுக்க ஃபோனில் கேட்டு வாங்குகிறவர்களை வைத்து ஓடும் கடை உங்களுடையது. அந்த எண் 15 நாள் முடங்கினால் நஷ்டம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் சொந்த நாலாயிரத்தை ஏன் நம்பக்கூடாது என்கிறேன்? அதில் பல பில்கள் பத்து வருஷம் பழசு என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட செல்போன் எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அன்றைக்கு உங்களிடம் அரைக் கிலோ காப்பித்தூள் வாங்கிய மாமியின் எண் இன்று பாண்டுப்பில் இருக்கும் முன்பின் தெரியாத ஒரு பையனிடம் இருக்கலாம். அவனுக்கு வடுமாங்காய் என்றால் என்னவென்றே தெரியாது; அவன் புகார் கொடுத்தால் அது நியாயம்தான். நாலாயிரம் பேருக்கு அனுப்ப, ஒரு செய்திக்கு 20 பைசா என்று வைத்தாலும் 800 ரூபாய்தான் ஆகும். செலவு இவ்வளவு குறைவு என்பதால்தான் எல்லாரும் யோசிக்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.

அதனால் பட்டியலைக் கவுண்டரிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு கடையில் இதற்குச் செய்த ஏற்பாடு ரொம்ப எளிமையானது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு. பெயர், எண், தேதி, எந்தச் சரக்கு வந்தால் சொல்ல வேண்டும், எஸ்எம்எஸ்ஸா வாட்ஸ்அப்பா, தமிழ் எழுத்திலா ஆங்கில எழுத்திலா என்று ஆறு பத்தி. பணம் வாங்கும்போது, "சரக்கு வந்தா மெசேஜ் போடட்டுமா?" என்று ஒரே ஒரு கேள்வி. வேண்டாம் என்றால் அதோடு சரி. வேண்டும் என்றால் அவரையே எழுதச் சொல்லுங்கள். தன் கையால் எழுதியவர் பிற்பாடு செய்தி வரும்போது 'இது யார்?' என்று முழிப்பதில்லை. பில்லுக்கு எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். அப்படி வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே கடைக்காரர்களுக்கு அறிவுரை வெளியிட்டது. அதே வருஷம் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்கு மட்டும் எண்ணைப் பயன்படுத்த வேண்டும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். யாராவது 'இனி வேண்டாம்' என்று ஒரு வார்த்தை எழுதினால் அன்றே நோட்டில் கோடு போட்டுவிடுங்கள்.

கடைக்கு வராமல் தூரத்தில் இருப்பவர்களை எப்படிச் சேர்ப்பது? மிஸ்டு கால். இது நம் நாட்டு மக்கள் காசு மிச்சம் பிடிக்கத் தாங்களாகக் கண்டுபிடித்த வழி. விளம்பரத் துறை அதைப் பின்னால்தான் பிடித்துக்கொண்டது. 2013 வாக்கில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் 'கான் கஜூரா டேசன்' என்று ஒன்றை நடத்தியது. கரண்டும் டிவியும் சரியாக இல்லாத கிராமங்களில் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், திரும்ப அழைப்பு வரும். பாட்டும் நகைச்சுவையும் நடுநடுவே சோப்பு, பவுடர் விளம்பரமும் இலவசமாகக் கேட்கலாம். கேட்கிறவர் தானாக முதல் அடி எடுத்துவைத்தார், அவருக்குக் காசும் செலவாகவில்லை. அது எடுபட்டதற்கு அதுவே காரணம். இதே யோசனையை வைத்து பெங்களூரில் 2010-ல் தொடங்கிய ஜிப்டயல் நிறுவனத்தை 2015 ஜனவரியில் ட்விட்டர் விலைக்கு வாங்கியது. உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. காப்பித்தூள் பாக்கெட்டில் ஒட்டும் லேபிளில், 'புதுச் சரக்கு வந்ததும் தெரிய வேண்டுமா? இந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுங்கள்' என்று ஒரு வரி போதும். அந்தப் பாக்கெட் டோம்பிவிலி சமையலறையில் ஒரு மாதம் கண்ணெதிரே இருக்கும். மிஸ்டு கால் வந்தால் ஒரு தடவை நீங்களே கூப்பிட்டுப் பேசி, பெயரைக் கேட்டு நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனி, எஸ்எம்எஸ்ஸை யார் படிக்கிறார்கள் என்ற கேள்வி. 'நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் எஸ்எம்எஸ்ஸைத் திறந்து படிக்கிறார்கள்' என்று எல்லா விற்பனையாளரும் சொல்வார்கள். இதை நம்பாதீர்கள். சாதாரண எஸ்எம்எஸ்ஸில் படித்தாரா இல்லையா என்று அறிய வழியே கிடையாது. டெலிவரி ரிப்போர்ட் என்று வருவது, செய்தி கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். போதாததற்கு ட்ரூகாலரும் இன்றைய ஸ்மார்ட்ஃபோன்களும் விளம்பரச் செய்தியைத் தனிப் பெட்டியில் ஒதுக்கிவிடுகின்றன. 2025-ன் மாற்றத்துக்குப் பிறகு அனுப்புநர் பெயரின் கடைசியிலேயே ஆங்கில எழுத்தில் முத்திரை வந்துவிடுகிறது: பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. பி-யைப் பார்த்ததும் திறக்காமலே விடுகிறவர்கள் உண்டு. விதி, தொழில்நுட்பம் பற்றி இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எத்தனை பேர் படித்து எத்தனை பேர் கடைக்கு வருவார்கள் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொல்கிறவர் விற்க வந்தவர். இதை நீங்களே அளந்துபார்க்க ஒரு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

தமிழில் அனுப்புவதா, ஆங்கில எழுத்தில் அனுப்புவதா என்பதில் பணமும் அடங்கியிருக்கிறது. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு ஆங்கில எழுத்தில் 160 இடம். தமிழ், இந்தி, மராத்தி எது வந்தாலும் 70 இடம்தான். அந்த எழுபதும் நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கு இல்லை. 'புது வடுமாங்காய் வந்தாச்சு.' என்று எழுதிப் பாருங்கள். நமக்கு அது பதின்மூன்று எழுத்து. கைப்பேசிக்கோ 'பு' என்பது 'ப'வும் உகரக் குறியும் சேர்ந்து இரண்டு. 'ங்' என்பது 'ங'வும் புள்ளியும் சேர்ந்து இரண்டு. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து இந்த ஒரு வரிக்கே 27 இடம் போய்விடும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும்; ஒவ்வொரு துண்டிலும் 67 இடம்தான், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. இதில் பலர் அறியாமல் மாட்டிக்கொள்வது ரூபாய்க் குறியில்தான். பழைய எஸ்எம்எஸ் எழுத்துத் தொகுதியில் நம் ரூபாய்ச் சின்னம் இல்லை. 150 இடத்தில் கச்சிதமாக எழுதிய ஆங்கிலச் செய்தியில் அந்த ஒரு சின்னத்தைச் சேர்த்தால், முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறி மூன்று துண்டாகிவிடும். ஆங்கிலத்தில் ஆர், எஸ் என்று இரண்டு எழுத்துப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

காசை விட்டாலும் நம் ஊர் நிலைமை ஒன்று இருக்கிறது. இங்கே பிறந்து இங்கேயே பள்ளிக்குப் போன பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அவர்களுக்குத் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினால் சிரித்துக்கொண்டே படிப்பார்கள். அவர்களுடைய அம்மா அப்பாவுக்குத் தமிழ் எழுத்தில் வந்தால்தான் நம்ம கடை என்ற நெருக்கம். நோட்டில் அந்தப் பத்தி வைத்தது இதற்காகத்தான்.

என்ன அனுப்புவது? 'எங்கள் கடையில் தரமான பொருள்கள் கிடைக்கும்' என்பது செய்தியே அல்ல, அது அவர்களுக்குத் தெரிந்ததுதான். வடுமாங்காய் வந்துவிட்டது, பத்து நாளில் தீர்ந்துவிடும். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வெள்ளிக்கிழமை வருகிறது, வேண்டுமானால் இன்றே சொல்லி வையுங்கள். கொலு பொம்மை இறங்கிவிட்டது. இப்படி நாளும் பொருளும் உள்ள சேதியாக இருக்கட்டும். மாதத்துக்கு ஒன்று போதும், எந்தச் சரக்கும் வராத மாதம் ஒன்றும் வேண்டாம். விளம்பர எஸ்எம்எஸ் காலை 10 முதல் இரவு 9-க்குள்தான் போகும். என் அனுபவத்தில் உங்களுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் நல்ல நேரம். ஆபீசில் சாப்பிட்டு முடித்தவர் வாரக்கடைசியில் எங்கே போகலாம் என்று யோசிக்கும் பொழுது அது. அனுப்பும் முன் மத்திய ரயில்வேயின் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் (பராமரிப்புக்காகத் தடத்தை அடைப்பது) அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையில்தான் அடிக்கடி பிளாக் போடுகிறார்கள். அந்த ஞாயிறு டோம்பிவிலிக்காரரை வாருங்கள் என்று கூப்பிட்டால், கூட்டத்தில் நசுங்கி வந்து சேருகிறவர் அடுத்த தடவை யோசிப்பார். அந்த வாரம் பார்சல் அனுப்பும் வசதியைச் சொல்லுங்கள், அல்லது சனிக்கிழமைக்குக் கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப்பா எஸ்எம்எஸ்ஸா என்றால், உங்கள் அளவுக்கு நான் சொல்வது இரண்டும், ஆனால் வேலையைப் பிரித்து. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நல்ல சல்லடை. உங்கள் எண்ணைச் சேமித்தவர்தான் உங்கள் வாடிக்கையாளர். வடுமாங்காய்ப் படத்தையும் அதில் போடலாம். படம் விற்கிற அளவு வார்த்தை விற்காது. ஆயிரம் பேருக்கு ஒரே சமயம் அனுப்பித் தருகிறோம் என்று விற்கப்படும் திருட்டு மென்பொருள்களைத் தொடாதீர்கள், எண்ணையே முடக்கிவிடுவார்கள். கம்பெனிகள் பயன்படுத்தும் அதிகாரபூர்வ வழியில் ஒரு விளம்பரச் செய்திக்குச் செலவு ஏறத்தாழ ஒரு ரூபாயை நெருங்கும்; எஸ்எம்எஸ்ஸைவிடப் பல மடங்கு. உங்களுக்கு இப்போது அது வேண்டாம். எஸ்எம்எஸ்ஸுக்கு உள்ள பலம் வேறு. நெட் வேண்டாம், பட்டன் ஃபோனிலும் போகும், ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் எப்படியோ வந்து சேரும். 'உங்கள் பார்சல் இன்று கிளம்பியது', 'நீங்கள் கேட்ட பொடி அரைத்தாயிற்று' போன்ற சேவைச் செய்திகளுக்கு அதைவிட நம்பகமானது இல்லை. இவை டிஎன்டியில் இருப்பவருக்கும் போகும். ஆனால் அதிலேயே 'கூடவே அப்பளம் பத்து சதவீதம் தள்ளுபடி' என்று ஒட்டினால் அது விளம்பரக் கணக்கில் சேர்ந்துவிடும். அப்புறம், எழுபது எண்பது வயதுப் பெரியவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் வேண்டாம், வாட்ஸ்அப்பும் வேண்டாம். கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசுங்கள். அந்தப் பட்டியல் ஐம்பது பேரைத் தாண்டாது, ஆனால் அவர்கள்தான் பண்டிகைக்குக் கிலோ கணக்கில் வாங்குகிறவர்கள்.

அளப்பது எப்படி என்று சொன்னேனே, அது இப்படி. நோட்டில் அறுநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணின் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக உள்ளவர்களுக்கு மட்டும் இந்த மாதம் செய்தி அனுப்புங்கள், ஒற்றைப்படைக்காரர்களுக்கு அனுப்பாதீர்கள். அடுத்த பத்து நாள் பில்லில் இரு தரப்பிலும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள். செய்தி போகாதவர்களிலும் சிலர் வருவார்கள். அந்த எண்ணிக்கையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் செய்தியால் வந்த கூட்டம். 'மெசேஜைக் காட்டினால் தள்ளுபடி' என்று வைத்து அளந்தால், எப்படியும் வரவிருந்தவர்களும் அந்தக் கணக்கில் ஏறிவிடுவார்கள். அறுநூறு பேரில் ஒரு மாதம் நாலைந்து பேர் வித்தியாசம் தெரிந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். மூன்று நாலு மாதம் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு மிஞ்சும் லாபம் செலவைத் தாங்குமா என்பது உங்கள் கடைக் கணக்கு, அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. வரிக் கணக்கும் என் துறை இல்லை, ஆடிட்டரைக் கேளுங்கள்.

நோட்டில் ஆட்கள் நிறைந்து எஸ்எம்எஸ் தேவை என்று தோன்றும்போது டிஎல்டி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ் அனுப்பும் கடைகளையும் கம்பெனிகளையும் டெலிகாம் நிறுவனங்கள் பதிந்துவைக்கும் ஏற்பாடு அது. ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் எதிலாவது ஒன்றில் பான் கார்டும் ஜிஎஸ்டி சான்றிதழும் வைத்துப் பதிந்தால் போதும்; சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதன் பிறகு அனுப்புநர் பெயராகத் தெரியும், கடையை நினைவூட்டும் ஆறு எழுத்து ஹெடருக்கும், அனுப்பப்போகும் வாசகத்தின் மாதிரியான டெம்ப்ளேட்டுக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். பொருளின் பெயர், தேதி போன்று மாறும் இடங்களை மட்டும் காலியாக விட்டு, மற்றதை அப்படியே அனுப்ப வேண்டும். ஒரு வார்த்தை மாறினாலும் செய்தி நின்றுவிடும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சோதனையை முதன்முதலாக முழுசாக இயக்கியபோது வங்கிகளின் ஓடிபி-யே நாடு முழுக்கச் சிக்கி, டிராய் ஒரு வாரம் அதை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. பெரிய வங்கிகளுக்கே அந்தக் கதி என்றால், நம் டெம்ப்ளேட்டை நாம் எவ்வளவு கவனமாக எழுத வேண்டும்! 2024 அக்டோபர் முதல் செய்தியில் போடும் இணைய முகவரியையும் முன்கூட்டிப் பதிவு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் போகாது. வடுமாங்காய்க்கு லிங்க் எதற்கு, கடை எண் போதும், அதையும் டெம்ப்ளேட்டிலேயே பதிந்துவிடுங்கள். இந்த வேலைகளை யாரிடம் கொடுத்தாலும் டிஎல்டி கணக்கும் ஹெடரும் உங்கள் கடை பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பாஸ்வேர்டில் இருக்கட்டும். 'எங்கள் ஹெடரிலேயே அனுப்பித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு அவரை விட்டு வேறு ஆளிடம் போகும்போது, வாடிக்கையாளருக்குப் பழகிய அந்தப் பெயர் அவரிடமே தங்கிவிடும்.